காசு தீர்ந்த ஏழாம் பாகம்

பூன் கியாட் கொடுத்த பென்டிரைவில்
பாதி கொரிய நாடகம், மீதி அவன் கல்யாணப் படங்கள்.
இடையில் பெயரில்லாத ஒரு கோப்புறை.
பன்னிரண்டு பாகம், ஜப்பானியக் கார்ட்டூன்.
இரவுப் பணி முடிந்து
சுங்கை டுவா பதினோராம் மாடியில்
திரைச்சீலைக்கு வெளியே வெயில் ஏறும் நேரம்
தூக்கம் வரட்டும் என்றுதான் திறந்தேன்.

முதல் காட்சியிலேயே தெரிந்துவிட்டது,
இவர்களிடம் பணம் இல்லை.
நான்கு வினாடிக்கு ஒருமுறை
அதே துளி அதே தகரத்தில் விழுகிறது.
தெருவே உறைந்து நிற்க
ஒரு நாய் மட்டும் வாலாட்டுகிறது.
அந்த நாய்க்குத்தான் சம்பளம் போட்டிருக்கிறார்கள் போல.

ஆனால் அந்த வானம்!
கடற்பாசியைப் பிழிந்த பச்சை,
அதன்மேல் யாரோ கத்தியால் சுரண்டிவிட்ட ஆரஞ்சு.
ஜெலுத்தோங்கில் குப்பைமேடு எரிந்த வாரம்
எங்கள் வானமும் அப்படித்தான் இருந்தது.
இருமிக்கொண்டே பார்த்தோம்.
அழகு என்று சொல்ல அன்று வெட்கமாயிருந்தது.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.
வெள்ளத்தில் முழுகிய நகரத்தில் ஒரு சலவைக்கடை,
மூன்று எந்திரப் பெண்கள்.
இனி வரப்போகாத வாடிக்கையாளர்களின் சட்டைகளைத்
தேய்த்து அடுக்குகிறார்கள்.
அவர்கள் இமைப்பதே இல்லை.
இமைத்தால் இன்னொரு படம் வரைய வேண்டும்.
அந்தத் தந்திரம் பிடிபட்டதும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்,
பக்கத்து அறையிலிருந்து நோர்ஹயாத்தி சுவரைத் தட்டினாள்.

தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு சொல்: இமையவர்.
கண் சிமிட்டாததால் தேவர்களுக்கு அந்தப் பெயர்.
அவர்களை வரைந்தவனுக்கும்
கைச்செலவுக்குத் தட்டுப்பாடோ என்னவோ.

என் வேலையும் இமைத்தால் கெடும்.
பாயான் லெப்பாஸ், இரண்டாம் வரிசை, பதினாலாம் மேசை.
வெள்ளை அங்கிக்குள்ளிருந்து கண் மட்டும் வெளியே.
உருப்பெருக்கியின் கீழே அரிசியில் பாதித் தகடு,
கீறல் தெரிந்தால் சிவப்புத் தட்டு.
அமுதவாணி என்று வாயில் நுழையாமல்
மேற்பார்வையாளர் என்னை எம்பாட் பெலாஸ் என்பார்.
பதினாலு.
திரும்பிப் பார்ப்பேன்.

ஏழாம் பாகத்தில் காசு முழுதாகத் தீர்ந்துபோயிற்று.
நிறம் பூசவில்லை. வெறும் பென்சில் கோடு,
அழித்த தடம், ஓரத்தில்
எவரோ தேநீர்க் கோப்பை வைத்த வட்டம்.
இரண்டு நிமிடம் ஒரே படம்:
மூன்றாமவள், கையில் ஒரு குழந்தைச் சட்டை.
இசை இல்லை. கணினி நின்றுவிட்டதென்று
விசையைத் தட்டப் போனேன்.

அவள் கட்டைவிரல் நகர்ந்தது.

பொத்தான் பொத்தானாகக் கீழிறங்கி,
நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில்
கொஞ்சம் தயங்கி,
அவ்வளவு மெதுவாக, அவ்வளவு முழுதாக.
நாய்க்கு வால் தந்த கஞ்சர்கள்
ஆறு பாகமாய் மிச்சம் பிடித்தது
இந்த விரலுக்குத்தானா!
கீழே மலாயில் ஒரு வரி:
ஒன்று குறைகிறது.

நானாயிருந்தால் சிவப்புத் தட்டு.
அடுத்த காட்சியில் அந்தச் சட்டை
மடிந்து மற்றவற்றோடு அடுக்கில் இருந்தது.
மடித்ததை வரையவில்லை.
அதற்குக் காசில்லை.

எழுந்து தண்ணீர் குடித்தேன்.
என் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் ஆட்டிப் பார்த்தேன்.
பைத்தியம் என்று எனக்கே தோன்றியது.

பன்னிரண்டாம் பாகம் திறக்கவில்லை, கோப்பு பழுது.
பூன் கியாட்டைக் கேட்டால், எந்தப் படம் என்கிறான்.
டிரைவ் அவன் மச்சானுடையதாம்,
மச்சான் இப்போது ஜொகூரில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறானாம்.

இன்றிரவு பாக்டரி பஸ்ஸில் மழை.
கண்ணாடியில் பாலத்து விளக்குகள் கரைந்து ஓட
நான்கு நான்கு வினாடியாக எண்ணிப் பார்த்தேன்.
ஒரு துளிகூட விழுந்த இடத்தில் விழவில்லை.
யாருக்கோ
எவ்வளவு செலவு.